மாசி பிறந்தால் சிவக்கும் மரங்கள்



ஆலங்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கிறார். அங்கே தெருவோரத்தில் நிற்கும் ஒரு மரத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். மரத்தில் ஓர் இலைகூடப் பச்சை இல்லை. உச்சி முதல் அடிவரை திராட்சை ரசத்தின் நிறம். ‘ஆஷ்’ மரம் என்று பெயராம். “புது வீடு கட்டி முடிக்கப் போகிறோம். வாசலில் இந்த மரம் ஒன்று நின்றால் எப்படி இருக்கும்! விதை ஆன்லைனில் கிடைக்கிறது என்கிறார்கள். நம்ம மண்ணுக்கு வருமா?” என்று கேட்டிருக்கிறார்.

இரண்டு வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போக மனசு வரவில்லை. காரணம், அவர் எழுதுகிற ஊர். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வந்த கஜா புயலில் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கத்து வீடுகள் எதையெல்லாம் இழந்தன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தென்னை, பலா, மா என்று தாத்தா காலத்து மரங்கள் ஒரே ராத்திரியில் வேரோடு சாய்ந்தன. அதற்குப் பிறகு வீட்டோரத்தில் மரம் வைக்கவே பயப்படுகிற குடும்பங்கள் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் எத்தனையோ. அந்த ஊரிலிருந்தே ஒருவர், வாசலுக்கு ஒரு மரம் வேண்டும், அது அழகாகவும் இருக்க வேண்டும் என்று கேட்கிறார் என்றால், அதை நாம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டாமா?

முதலில் அவர் கேட்டதற்குப் பதில். ஆஷ் மரம் புதுக்கோட்டையில் வராது. முளைத்தாலும் தேறாது. தேறினாலும் அந்த நிறம் வராது.

படத்தில் இருப்பது பெரும்பாலும் ‘கிளாரெட் ஆஷ்’ என்கிற ரகமாக இருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கு ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு பக்கம் கண்டெடுக்கப்பட்டு, அங்கிருந்து பல குளிர்நாடுகளுக்குப் போனது. மஞ்சளாக மாறும் ரகங்களும் உண்டு. இவற்றுக்கெல்லாம் குளிர்காலத் தூக்கம் ஒன்று தேவை. பகல் குறைந்து, ராத்திரிக் குளிர் கூடும்போது மரம் இலையிலிருக்கும் பச்சையத்தைக் கலைத்து, சத்தைத் தண்டுக்குள் இழுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும் அதுவரை அடியில் மறைந்திருந்த மஞ்சள் தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல. இலையில் தங்கிப்போன சர்க்கரையிலிருந்து அந்தச் சமயத்தில் புதிதாக உண்டாவது அது. வெயிலடிக்கும் பகலும், சில்லிட்டுப் போகிற ராத்திரியும் அடுத்தடுத்து வந்தால்தான் அது நன்றாக ஏறும்.

நம் ஊரில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. இந்த வெப்பத்தில் ஆஷ் மரம் எதை நம்பித் தூங்கும்? இந்தியாவில் அதன் சொந்தங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை இமயமலைச் சரிவில் இருக்கின்றன.

இன்னொரு சொந்தமும் உண்டு, நம் மாவட்டத்திலேயே. தாவரவியல் கணக்குப்படி ஆஷ் மரம் மல்லிகையின் குடும்பம். மல்லிகை, முல்லை, பவளமல்லி, ஆலிவ், ஆஷ் எல்லாம் ஒரே வகையறா. விடிவதற்கு முன்னால் கீரமங்கலம் பூச்சந்தைக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற மல்லிகைதான் அந்த ஆஸ்திரேலியத் தெரு மரத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை. குடும்பத்தில் யாருக்கு எந்த ஊர் ஒத்துக்கொள்கிறதோ, அங்கே அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

விதையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் பாசத்தோடு பெட்டிக்குள் ஒரு செடியையோ விதைப் பொட்டலத்தையோ வைத்துக் கொண்டுவருவது நம் வீடுகளில் நடக்கிறதுதான். தயவுசெய்து வேண்டாம். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, முன் அனுமதியும் நோய் இல்லை என்ற சான்றிதழும் இல்லாமல் விதையோ செடியோ நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

ஒரு பொட்டலம் விதையால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். 2008-இல் கோவைப் பக்கம் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி என்ன செய்தது? பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி என்று பரவி விவசாயிகளைக் கண்ணீர் விட வைத்தது. அதைத் தின்னும் குட்டிக் குளவியை 2010-இல் வெளிநாட்டிலிருந்து தருவித்துவிட்ட பிறகுதான் அடங்கியது. 2016-இல் பொள்ளாச்சியில் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈயைத் தென்னை வைத்திருக்கிற நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மட்டைக்கு அடியில் வெள்ளைச் சுருள், மேலே கரிப்பூசணம். இவை எல்லாம் எங்கிருந்தோ எதனுடனோ ஒட்டிக்கொண்டு வந்தவைதான்.

அந்த ஆஷ் மரமே இன்று அடிபட்டுத்தான் கிடக்கிறது. 1992-இல் போலந்தில் கவனிக்கப்பட்ட ஒரு பூஞ்சை ஐரோப்பா முழுக்க ஆஷ் மரங்களை நுனியிலிருந்து கருக்கிக்கொண்டு வருகிறது. அமெரிக்காவில் 2002-இல் டெட்ராய்ட் நகரை ஒட்டிக் கண்டுபிடிக்கப்பட்ட மரகத நிற வண்டு கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது. பூஞ்சை, வண்டு இரண்டும் கிழக்காசியாவிலிருந்து போனவை. அந்த ஊர் மக்கள் தங்கள் வாசல் மரத்தை வெட்டி எடுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, கஜாவுக்கு மறுநாள் காலை நாம் நின்ற மாதிரிதானே நின்றிருப்பார்கள்?

சரி, நிறத்துக்கு என்ன வழி?

இங்கேதான் உங்களிடம் மனசுவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர் மரங்களுக்கு நிறம் இல்லை என்று யார் சொன்னது? குளிர்நாட்டு மரம் இலையை விடப்போகும்போது சிவக்கிறது. நம் மரங்களில் பல, இலை பிறக்கும்போதே சிவந்து பிறக்கின்றன. அந்த ஊரில் விழா எடுத்து, கார் போட்டுக்கொண்டு போய்ப் பார்க்கிறார்கள். நமக்கு மாசியிலும் பங்குனியிலும் அது வாசலுக்கே வருகிறது. பரீட்சை, திருவிழா, வெயில், தண்ணீர்க் கஷ்டம் என்று நாம் ஓடிக்கொண்டிருக்கிற மாதங்கள் அவை. நிமிர்ந்து பார்க்க நேரம் ஏது?

இந்த மாசியில் ஒருநாள் காலை, எட்டு மணிக்குள், தளிர் விட்டிருக்கிற ஒரு மாமரத்தின் கீழே போய் நில்லுங்கள். கிளை நுனியில் கொத்தாக வந்திருக்கும் புது இலையை விரலால் தொட்டுப் பாருங்கள். துணி மாதிரி துவண்டு கீழே தொங்கும். செம்பும் ஊதாவும் கலந்த நிறம். எதிர்வெயிலில் பார்த்தால் நரம்பு மட்டும் வெளிறித் தெரியும். நாள் போகப் போக அது வெளுத்து, இளம்பச்சையாகி, விறைத்து நிமிர்ந்துகொள்கிறது. பிறந்த இலைக்குப் பச்சையம் முழுதாக வந்துசேர நாளாகும். அதுவரை கடும் வெயில் அதைப் பொசுக்காமல் காப்பது இந்தச் சிவப்புதான் என்கிறார்கள் விஞ்ஞானிகள். பூச்சிகளும் சிவப்புத் தளிரை அவ்வளவாக நாடுவதில்லை என்று சொல்கிறார்கள்.

இலுப்பையைப் பார்த்திருக்கிறீர்களா? இலுப்பூர் என்று ஊர்ப் பெயரிலேயே அந்த மரத்தை வைத்திருக்கிற மாவட்டம் நம்முடையது. பழைய சாலைகளிலும் கோயில் நிலங்களிலும் இன்னும் சில நிற்கின்றன. மாசி கடைசியில் மரம் மொட்டையாகி, பிறகு கிளைநுனிதோறும் செம்புக் கிண்ணம் கவிழ்த்தது போல ஒரு கொத்துத் தளிர் வரும். அதே சமயத்தில் பூவும் வரும். ராத்திரியில் வௌவால் வட்டமிடும்; விடிந்தால் தரையெல்லாம் இனிப்பு வாசனையோடு உதிர்ந்த பூ. அரசமரமும் அப்படித்தான். பிள்ளையார் மேடையில் நிற்கும் அரசு தளிர்க்கும்போது சூரியன் ஒவ்வொரு இலைக்குள்ளும் புகுந்து வெளியே வரும். வேம்பின் கொழுந்து கருஞ்சிவப்பு. புங்கை ஏறக்குறைய எல்லா இலையையும் ஒன்றாகக் கொட்டிவிட்டு, சில நாளிலேயே மினுமினுவென்று இளம்பச்சைக்கு வந்துவிடும். சித்திரை வெயிலில் அந்தப் பச்சையைப் பார்த்தாலே கண் குளிர்கிறது. சரக்கொன்றைத் தளிரும் செம்புதான். பின்னாலேயே மஞ்சள் பூ வந்துவிடுவதால் தளிரை நாம் கவனிப்பதில்லை.

இவ்வளவும் சொன்னாலும், இவற்றில் எதை வீட்டு வாசலில் வைப்பது என்பது வேறு கேள்வி. நம்மில் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது 1,200 சதுர அடி மனை. அதில் வீடு, படிக்கட்டு, செப்டிக் டேங்க், போர், பைக் நிறுத்த இடம் போக மிஞ்சுவது எவ்வளவு? அரசும் இலுப்பையும் அங்கே ஆகாது. அவை குளக்கரைக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்குமான மரங்கள்.

ஆலங்குடிச் சகோதரிக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது லச்சக்கொட்டைக் கீரை மரம். ஆமாம், கீரை மரம்தான்! கிராமத்து வீடுகளிலும் பழைய ரயில்வே குவார்ட்டர்ஸ்களிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். கையகல இலை, எலுமிச்சை மஞ்சள் நிறம். நல்ல வெயிலில் நின்றால் மரமே விளக்குப் போட்டது மாதிரி இருக்கும். நிழலில் வைத்தால் பச்சைக்குத் திரும்பிவிடும். மஞ்சள் இலை ஆஷ் மரத்துக்கு வருஷத்தில் சில வாரம்தான் அந்த நிறம். இதற்கு வருஷம் முழுக்க.

கட்டைவிரல் பருமனுள்ள கிளையை ஒடித்து நட்டாலே போதும், துளிர்த்துவிடும். யாழ்ப்பாணத்தில் இதைச் சண்டி இலை என்பார்கள். தேங்காய்ப்பூ போட்டு வறை செய்வது அவர்கள் வழக்கம். நம் வீடுகளில் பாசிப்பருப்பு சேர்த்துக் கூட்டு, பொடியாக அரிந்து அடைமாவில். மூட்டு வலிக்காரர்களுக்கு நல்லது என்று பெரியவர்கள் சேர்த்துக்கொள்வதும் உண்டு. இளம் இலையாகப் பறித்து, நடு நரம்பைக் கிள்ளிவிட்டுச் சமைத்தால் ருசியாக இருக்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. கட்டை மிருதுவானது; காற்றுக்கு முறியும். எட்டு, பத்து அடிக்கு மேல் விடாமல் கவாத்து செய்துகொண்டே இருக்க வேண்டும். செய்யச் செய்யப் புது இலை வரும், கீரையும் கிடைக்கும்.

“எனக்குச் சிவப்புதான் வேண்டும்” என்பவர்களுக்கு வாதா மரம் இருக்கிறது. சிலர் பாதாம் மரம் என்பார்கள். நம் ஊரில் இலை விழும் முன் உண்மையிலேயே சிவக்கிற மரம் இதுதான். பெரிய, தோல் போன்ற இலை. ஒரே கிளையில் ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள், ஒன்று ஆரஞ்சு, ஒன்று ரத்தச் சிவப்பு. குடையை அடுக்கியது போலக் கிளை தட்டுத்தட்டாக விரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அதன் கொட்டையைக் கல்லில் வைத்து உடைத்துப் பருப்பை எடுத்துத் தின்னாத ஊர் உண்டா? கடலோரத்து மரம் என்பதால் உப்புக்கும் காற்றுக்கும் தாங்கும். கோட்டைப்பட்டினம், மணமேல்குடி பக்கத்து வாசகர்கள் கவனிக்கலாம். அலங்கார மீன் வளர்ப்பவர்கள் இதன் காய்ந்த சருகைக் காசு கொடுத்து வாங்கித் தொட்டியில் போடுகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. ஆனால் இதற்கு இடம் தாராளமாக வேண்டும். சுவரிலிருந்து 20 அடியாவது தள்ளி வைக்க முடிந்தால் மட்டும் வையுங்கள்.

நடுத்தர இடம் இருந்தால் சரக்கொன்றை. கொஞ்சம் கூடுதல் இடமும் மாடும் ஆடும் இருந்தால் பூவரசு. பூவரசில் பழுத்த மஞ்சள் இலை எப்போதும் பச்சைக்கு நடுவில் நாலைந்து நிற்கும். காலையில் மஞ்சளாக மலர்ந்த பூ வாடும்போது சிவந்துவிடும். தழை கால்நடைக்கு, இலை கொழுக்கட்டைக்கு, மீதி பிள்ளைகளின் பீப்பிக்கு.

இடமே இல்லை, மாடிப்படிக்குக் கீழே இரண்டு தொட்டிதான் என்கிறவர்களுக்கு நம் குரோட்டன்ஸ் போதும். அதை ஏன் எல்லோரும் சாதாரணமாக நினைக்கிறார்கள் என்று எனக்கு வருத்தமே உண்டு. ஒரே இலையில் மஞ்சள், சிவப்பு, கறுப்பு, பச்சை என்று இத்தனை நிறம் காட்டும் செடி எத்தனை உண்டு? “வாங்கும்போது கலராக இருந்தது, வீட்டுக்கு வந்ததும் பச்சையாகிவிட்டது” என்று எழுதுகிறவர்கள் தொட்டியை வெயிலுக்கு நகர்த்திப் பாருங்கள். புது இலை நிறத்தோடு வரும். கணுவில் வெள்ளையாகப் பஞ்சு போல மாவுப்பூச்சி ஒட்டியிருந்தால் வேப்பெண்ணெயும் துளி சோப்பும் கலந்த தண்ணீரால் சாயங்காலத்தில் கழுவிவிடுங்கள்.

நர்சரியில் கருஞ்சிவப்பு இலையோடு குட்டி மரம் போல ஒரு செடி விற்கிறார்கள். பார்க்க அந்த ஆஷ் மரத்தின் நிறமேதான். கிள்ளினால் வெள்ளைப் பால் வருகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அந்தப் பால் தோலை எரிக்கும். கண்ணில் பட்டால் ஆபத்து. தவழும் குழந்தை இருக்கிற வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

இனி, எல்லோர் மனசிலும் இருக்கிற பயத்துக்கு வருகிறேன். மறுபடி புயல் வந்தால்?

கஜா வந்த ராத்திரி காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி அடித்தது. அப்படிப்பட்ட காற்றில் எந்த மரமும் சாயாது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் மறுநாள் சாய்ந்து கிடந்த மரங்களின் அடியைப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரிந்திருக்கும். பல மரங்களுக்கு வேர் ஆழமாகவே இறங்கவில்லை. பனை நின்றது. தென்னை விழுந்தது. தெருவோரத்தில் ஒரு பக்கம் சாக்கடைக்கும் மறுபக்கம் கேபிளுக்கும் வேரை வெட்டிவிட்ட மரங்கள் விழுந்தன. கம்பிக்காக ஒரு பக்கக் கிளையை மட்டும் வருஷா வருஷம் கழித்து, பாரம் முழுவதும் மறுபக்கம் சாய்ந்த மரங்கள் விழுந்தன. அவற்றை எல்லாம் புயல் மட்டுமா சாய்த்தது?

சில விஷயங்கள் நம் கையில் இருக்கின்றன. நர்சரியில் கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்க்காதீர்கள், பையைப் பாருங்கள். கறுப்புப் பையில் ரொம்ப நாள் நின்ற கன்றின் வேர் அடியில் சுருண்டு சுருண்டு முடிச்சாகியிருக்கும். அப்படியே நட்டால் மண்ணுக்குள்ளும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும். மரம் பெரிதானாலும் பிடிமானம் வராது. ஆறேழு மாதக் கன்று, முழங்கால் உயரம், அதுவே நல்லது. சுருண்ட வேர் இருந்தால் கத்தியால் நறுக்கிவிட்டு நடுங்கள். பூவரசைப் போத்து ஊன்றி வளர்ப்பது நம் வழக்கம். வேலிக்கு அது சரி. வீட்டை ஒட்டி நிற்கப்போகிற மரம் என்றால் விதையிலிருந்து வந்த கன்றாக இருக்கட்டும். ஆணிவேர் இருப்பது அதற்குத்தான்.

குழி விஷயத்தில் நம் மண்ணை மனசில் வைக்க வேண்டும். நம் மாவட்டத்தில் பல இடங்களில் ஓரடி தோண்டினால் செம்புறாங்கல் வந்துவிடும். அதில் சின்னக் குழி பறித்து வைத்தால் தொட்டியில் வைத்த மாதிரிதான். கடப்பாரை போட்டு மூன்றடிக்கு மூன்றடி உடையுங்கள். குளத்து வண்டலும் தொழு உரமும் மேல்மண்ணோடு கலந்து நிரப்புங்கள். கன்று கொஞ்சம் வேர்பிடித்ததும் தண்ணீரைத் தண்டடியிலேயே ஊற்றாமல் வருஷத்துக்கு வருஷம் வட்டத்தைப் பெரிதாக்கி ஊற்றினால் வேர் தண்ணீரைத் தேடிப் பரவும். தினம் ஒரு குவளை ஊற்றுவதைவிட, வாரம் இரண்டு தரம் ஆழமாக நனைப்பது மேல். வாசலுக்குச் சிமென்ட் போடும்போது மரத்தைச் சுற்றி மூன்றடி மண்ணாக விடச் சொல்லிக் கொத்தனாரிடம் நீங்களே நின்று சொல்லுங்கள். மரம் வளர்ந்த பிறகு ஒவ்வொரு புரட்டாசியிலும், ஐப்பசி மழைக்கு முன்னால், நெருங்கிய கிளைகளைக் கழித்துக் காற்று புகுந்து போக வழி விடுங்கள். மொட்டையடிக்க வேண்டாம். மொட்டையடித்த இடத்தில் கிளம்புகிற கிளைகள்தான் அடுத்த காற்றில் முதலில் முறியும்.

சேந்தன்குடி மரம் தங்கசாமி ஐயாவை நினைக்காமல் இந்தப் பக்கத்தை எழுத முடியவில்லை. கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் தன் நிலத்தையே மரக்காடாக ஆக்கி, பார்க்கிறவர்களிடமெல்லாம் மரம் நடச் சொல்லிக்கொண்டே இருந்த மனிதர். 2018 செப்டம்பரில் அவர் காலமானார். இரண்டே மாதத்தில் கஜா வந்தது. அந்த வட்டாரம் அப்படிக் கிடந்ததை அவர் பார்க்கவில்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பதில் அவரை அறிந்தவர்களுக்குச் சந்தேகமே இருக்காது. மறுநாளே குழி தோண்டத் தொடங்கியிருப்பார்.

அப்புறம், பெரும்பாலும் யாரும் பேசாத ஒன்று. இலை கூட்டுவது.

மரம் வேண்டாம் என்று வீட்டில் முடிவாகும்போது பல சமயம் உண்மையான காரணம் புயல் இல்லை, சருகு. “நிழலில் நாற்காலி போட்டு உட்காருவது அவர், கூட்டுவது நான்” என்று வாசகிகள் எழுதுகிறார்கள். இதில் நியாயம் இருக்கிறதா, இல்லையா? மாசியில் புங்கை கொட்டுகிற வாரத்தில் காலையும் மாலையும் கூட்டினாலும் மாளாது. பக்கத்து வீட்டு மாடியில் விழுந்து, குழாயை அடைத்து, நல்ல உறவே கெட்டுப்போன கதைகளும் நமக்குத் தெரியும். எனவே மரம் வைப்பது என்று முடிவு செய்யும் அன்றே, கூட்டுவது யார் என்பதையும் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஆண்களும் பிள்ளைகளும் துடைப்பத்தைக் கையில் எடுக்கட்டும். மதில் ஓரத்தில் வைப்பதாக இருந்தால் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள். கேட்டுவிட்டு வைத்த மரத்தின் சருகு யாருக்கும் அவ்வளவு உறுத்துவதில்லை.

கூட்டிய சருகைக் கொளுத்தாதீர்கள். புகை முதலில் போவது உங்கள் வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குத்தான். மரத்தடியிலேயே, தண்டில் ஒட்டாமல் வட்டமாகப் பரப்பி மூடாக்குப் போடுங்கள். சித்திரை வெயிலில் மண் ஈரம் காக்கும், தண்ணீரும் மிச்சமாகும். நாலு தென்னை மட்டையை நட்டு வலை கட்டி ஒரு மூலையில் சேர்த்தால் அடுத்த ஆடிக்குள் அது எருவாகிவிடும்.

கன்றுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். குடுமியான்மலையிலும் வல்லத்திராக்கோட்டையிலும் அரசு தோட்டக்கலைப் பண்ணைகள் இருக்கின்றன. வம்பனில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மண்ணைப் பற்றியும் பூச்சியைப் பற்றியும் சந்தேகம் கேட்கலாம். வனத்துறை நாற்றங்கால்களிலும் நாட்டு மரக்கன்றுகள் கிடைக்கும். எங்கே போனாலும் முன்கூட்டியே போனில் இருப்பு விசாரித்துவிட்டுப் போங்கள். நடுவதற்கு நம் ஊரில் நல்ல பருவம் ஆவணி, புரட்டாசி. வேர் மண்ணைப் பிடித்ததும் ஐப்பசி மழை வந்துவிடும். கன்றுக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் கையில் கிடைக்கும்.

விதையிலிருந்தே வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் நாளைக் கவனிக்க வேண்டும். புங்கங்காய் பங்குனி, சித்திரையில் முற்றிக் காய்ந்திருக்கும். வேப்பம்பழமும் இலுப்பைப் பழமும் ஆனி, ஆடியில் விழும். வேம்பு, இலுப்பை விதைகளைப் பொட்டலம் கட்டி அலமாரியில் வைத்தால் சில வாரத்திலேயே முளைப்புத்திறன் போய்விடும். சதையைக் கழுவி நிழலில் உலர்த்தி, அந்த வாரமே பையில் ஊன்றிவிடுங்கள். சரக்கொன்றை விதைக்கு நேர்மாறு. ஓடு கெட்டி என்பதால் வருஷக்கணக்கில் தாங்கும், ஆனால் சும்மா ஊன்றினால் முளைக்காது. உப்புத்தாளில் ஓரத்தை லேசாகத் தேய்த்து, ஒரு ராத்திரி வெந்நீரில் ஊறவைத்து, உப்பிய விதையை மட்டும் எடுத்து ஊன்றுங்கள்.

கஜாவில் உங்கள் தெருவில் நின்ற மரம் எது, விழுந்தது எது, எந்த மரம் விழுந்தும் மறுபடி துளிர்த்தது என்று எழுதி அனுப்புங்கள். ஊர்ப் பெயரும், மண் செம்மண்ணா, கரிசலா, கடலோர மணலா என்பதும் குறிப்பிட்டால் உதவியாக இருக்கும். ஆவணி இதழில் அவற்றைத் தொகுத்து, வட்டாரவாரியாக வெளியிடுகிறோம். கன்று வாங்கக் கிளம்பும் முன் அது உங்கள் கையில் இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்